டேங்க் ரோட்டில் ஒரு முன்னோடியின் வீடு

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மூத்தோர் - இளையோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தச் சந்திப்பில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நம் ஆலயத்தின் வரலாற்றையோ ஒரு புராணக் கதையையோ சொல்லுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சீன வணிகரின் வீடு. கோயில் மண்டபத்தில் இது என்ன பேச்சு என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். நீங்கள் எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து காவடியோடு நடந்து, கால் சோர்ந்து, கிளமென்சோ அவென்யூ வழியாகத் தெண்டாயுதபாணி ஆலயத்தை நெருங்கும் இடத்தில், வளைந்த ஓட்டுக் கூரையும் கருங்கல் தூண்களுமாக ஒரு பழைய சீன மாளிகை நிற்கிறதே, அதுதான். காவடி எடுப்பவர் வேலையும் ஆறுமுகனையும் தவிர வேறெதையும் நினைப்பதில்லை. கூட வருகிறவர்கள் தண்ணீர்ப் பந்தலைத் தேடுவார்கள். அதனால் ஆண்டுதோறும் பார்த்தும் பார்க்காத வீடு அது.

அதைக் கட்டியவர் பெயர் டான் இயோக் நீ. 1827-ல் தென்சீனத்தின் தியோச்சியூ வட்டாரத்தில் பிறந்தவர். இளம் வயதில் இந்தப் பக்கம் வந்து, துணி மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். தெலுக் பிளாங்காவில் அப்போது ஜோகூர்த் தெமெங்கோங் குடும்பத்தாரின் இருப்பிடம் இருந்தது. அங்கே துணி விற்கப் போய்வந்ததில்தான் இளவரசர் அபு பக்கரின் அறிமுகம் கிடைத்தது என்று சொல்வார்கள். அந்த அபு பக்கர் 1862-ல் தெமெங்கோங் ஆனார், 1868-ல் மகாராஜா, 1885-ல் ஜோகூர் சுல்தான். நண்பர் உயர உயர நம் துணி வியாபாரியும் உயர்ந்தார்.

அது எப்படி என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய ஜோகூர் பெருங்காடு. அதில் மிளகும் கேம்பியரும் பயிரிடச் சீனர்களை அழைத்தார்கள். கேம்பியர் என்பது, வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிறோமே காசுக்கட்டி, அதைப் போன்ற ஒரு பொருள். ஒரு செடியின் இலைகளைப் பெரிய கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் ஐரோப்பாவில் அதற்குப் பெரிய கிராக்கி. கொதித்த இலையின் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். அதனால் இரண்டும் இணைபிரியாத பயிர்கள். ஆனால் கொப்பரைக்கு விறகு வேண்டுமே! சுற்றியிருந்த காடு எல்லாம் அடுப்புக்குள் போயிற்று. பதினைந்து இருபது ஆண்டில் மண்ணும் சத்திழந்துவிடும். பிறகு தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆற்றங்கரைக்குப் போவார்கள்.

ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு சீனத் தலைவரை நியமித்து, ஆளுகைப் பத்திரம் ஒன்றை ஜோகூர் அரசு கொடுத்தது. அவரைக் கங்சூ என்பார்கள், ஆற்றுக்கு அதிபதி என்று பொருள் கொள்ளலாம். வரி வசூலிப்பது, வழக்கைத் தீர்ப்பது எல்லாம் அவர்தான். டான் இயோக் நீ ஒன்றல்ல, பல ஆறுகளுக்குக் கங்சூவாக இருந்தார். ஜோகூர்ச் சீனர்களுக்கெல்லாம் தலைவர் என்ற முறையில் 'மேஜர் சீனா' என்ற பட்டமும் பெற்றார். ஜோகூர் பாருவில் இன்று காப்பிக்கடைகளுக்குப் பேர்போன ஜாலான் டான் ஹியோக் நீ என்ற தெரு அவர் பெயரைத் தாங்கியதுதான். அங்குள்ள ராஜமாரியம்மன் ஆலயத்துக்குப் போகிறவர்கள் சில நிமிடம் நடந்தால் அந்தத் தெருவுக்குப் போய்விடலாம்.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு அது அழகல்ல. அவருடைய செல்வம் மிளகிலும் கேம்பியரிலும் மட்டும் வந்ததன்று. அபின் குத்தகையிலும் வந்தது. அன்று அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விடும். பெரிய வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து எடுப்பார்கள். 1870-களில் சிங்கப்பூர், ஜோகூர்க் குத்தகைகளைக் கையில் வைத்திருந்த கூட்டணியில் இவர் ஒருவர். காலனி அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்த காலம் அது. அதை வாங்கிப் புகைத்தவர் யார்? காட்டில் கொப்பரைக்கு முன் வெந்துகொண்டிருந்த அதே கூலித் தொழிலாளி. தோட்டக்காரர் இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் திரும்ப வாங்கிக்கொண்டார். நம்மவர்கள் உழைத்த ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை செய்த வேலையும் இதுதானே! குத்தகை முறை 1910-ல்தான் ஒழிந்தது, அதன் பிறகும் அரசாங்கமே நேரடியாக அபின் விற்றது. அந்த மாளிகையின் வாசற்படியில் நிற்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வீட்டுக்கு வருவோம்.

1870-களில் அவர் ஜோகூரைவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தார். 1882 வாக்கில் கட்டத் தொடங்கிய வீடு 1885-ல் முடிந்தது. பக்கத்தில் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி ஆலயம் 1859-லேயே கும்பாபிஷேகம் கண்டுவிட்டது. ஆக, டான் இயோக் நீ குடிபுகுந்தபோது முருகன் அங்கே இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்! அக்கம்பக்கம் அப்போது தோட்டமும் குன்றுச் சரிவுமாக இருந்த ஊர்ப்புறம். டாக்டர் ஆக்ஸ்லியின் சாதிக்காய்த் தோட்டம் இருந்த இடம் அருகில்தான். ஆக்ஸ்லி ரைஸ் என்ற பெயர் அவரால் வந்தது, ஆலயத்துக்கான நிலமும் அவருடைய சொத்திலிருந்து வாங்கப்பட்டதுதான்.

காரைக்குடிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த வீட்டின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. முகப்பு, அதன் பின் ஒரு முற்றம், நடுக் கூடம், மறுபடி ஒரு முற்றம், பின்கட்டு, இருபுறமும் பக்க அறைகள். மழையும் வெயிலும் முற்றத்தில் இறங்கும், வீட்டார் சுற்றுத் தாழ்வாரத்தில் புழங்குவார்கள். கல் தூண்களிலும் மர உத்தரங்களிலும் நுணுக்கமான செதுக்கு வேலை. கூரை முகட்டில் வண்ணப் பீங்கானைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பதித்து ஆக்கிய பூக்களும் உருவங்களும். இது தியோச்சியூ கைவினைஞர்களின் தனிக் கலை. நம் கோபுரத்துச் சுதைச் சிற்பத்துக்கு நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றால், அவர்களுக்குச் சீனத்திலிருந்து வந்தார்கள்.

செட்டிநாட்டோடு இன்னோர் ஒற்றுமையும் உண்டு. நகரத்தார் இங்கே மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வாழ்ந்துகொண்டு, ஈட்டிய பணத்தில் ஊரில் அரண்மனை போல வீடு கட்டினார்கள். டான் இயோக் நீயும் தம் சொந்தக் கிராமத்தில் முன்னோர் நினைவாக ஒரு பெரிய மண்டபம் எழுப்பினார். 1870-ல் தொடங்கிய வேலை 1883-ல்தான் முடிந்தது. மீனவர், விறகு வெட்டி, உழவர், படித்தவர் என்று சாதாரண மக்களின் வாழ்க்கையைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். அந்தச் சிற்பங்களைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். மனம் எங்கே இருந்தது என்பது இதில் தெரிகிறதல்லவா? இங்கே கட்டிய வீட்டில் அவர் நெடுநாள் வாழவில்லை. முதுமையில் ஊர் திரும்பி 1902-ல் 75 வயதில் அங்கேயே காலமானார். பிள்ளைகள் அவருக்கு முன்பே போய்விட்டார்கள், இருந்தவர்கள் பேரன்மார்கள்.

பணியில் இருந்த நாளில் ஒருமுறை உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களை அந்தப் பக்கம் நடைப்பயணமாக அழைத்துச் சென்றேன். இவ்வளவையும் சொல்லி முடித்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்படியென்றால் இந்த வீட்டைக் காப்பாற்றியது யார் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இன்று நான் பேச வந்ததே அதற்கான விடைதான்.

கட்டியவர் காப்பாற்றவில்லை, அவர் வம்சமும் காப்பாற்றவில்லை. வீட்டுக்கு எதிரிலேயே ரயில் வந்துவிட்டது. 1903 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அது புறப்பட்ட நிலையம் டேங்க் ரோடு. அங்கிருந்து புக்கிட் தீமா வழியாகக் கிராஞ்சி வரை போய், அப்புறம் படகில் ஜோகூர். ரயில் வேலைக்காக வட்டார நிலங்கள் எடுக்கப்பட்டபோது மாளிகையும் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. கோடீஸ்வரர் கட்டிய வீடு ஸ்டேஷன் மாஸ்டரின் இருப்பிடமானது. தாழ்வாரமெல்லாம் கரிப்புகை படிந்திருக்கும். அன்று இடித்துவிட்டு ஒரு சரக்குக் கொட்டகை போட்டிருந்தால் கேட்க ஆளில்லை.

1912-ல் அதை அரசாங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையிடம் கொடுத்தது. செயின்ட் மேரி என்ற பெயரில் யூரேசியப் பெண்பிள்ளைகளுக்கான விடுதியும் பள்ளியும் அங்கே நடந்தன. 1938-ல் இரட்சணிய சேனை அதை வாங்கியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் கையில் சிக்கிக் கட்டடம் பெரிதும் சிதைந்தது. 1951-ல் பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். 1991 வரை இரட்சணிய சேனையின் தலைமையகம் அங்கேதான். அறுபதுகளில், எழுபதுகளில் காவடிக்குப் போன நம்மில் சிலருக்கு அந்தப் பெயர்ப்பலகை நினைவிருக்கும். பிறகு பக்கத்திலிருந்த காக்பிட் ஹோட்டலின் உரிமையாளரிடம் போயிற்று. ஹோட்டலே பின்னர் இடிபட்டது, வீடு நின்றது. தொண்ணூறுகளின் இறுதியில் விரிவாகச் சீரமைத்தார்கள். 2000-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அங்கே குடிவந்தது. துணி மூட்டை சுமந்தவர் வீட்டில் உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் வணிகம் படித்தார்கள்! அவர்களும் போய்விட்டார்கள், வீடு அதன் பிறகும் கைமாறியிருக்கிறது.

இதற்கிடையே 1974 நவம்பரில் அது தேசிய நினைவுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்கான வாரியம் அமைந்தது 1971-ல். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் ஆலயம் 1973-ல் வெளியான முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் ஆலயம் 1978-லும், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் 2014-லும் சேர்ந்தன. சட்டத்தின் காவல் வந்த பிறகு யாரும் தொட முடியாது, சரி. ஆனால் அதற்கு முந்தைய எழுபது ஆண்டு? அப்போது அந்த வீட்டைத் தாங்கியவர்கள் ஸ்டேஷன் மாஸ்டரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், தொண்டு செய்தவர்களும்தான். ஒருவரும் டான் இயோக் நீக்கு உறவல்லர், பலர் அவர் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார்கள். கூரை ஒழுகினால் ஓடு மாற்றினார்கள், கதவு பழுதானால் சரிசெய்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டது.

தியோச்சியூ சமூகத்தில் 'நான்கு பெரிய மாளிகைகள்' என்று ஒரு வழக்கு உண்டு. டான் செங் போ 1869-ல் கட்டியது, சியா இயூ சின் 1872-ல் கட்டியது, வீ ஆ ஹூட் 1878-ல் கட்டியது, பிறகு நாம் பேசும் இந்த வீடு. நான்கில் இன்று இருப்பது இது ஒன்றுதான். வீ ஆ ஹூட்டின் வீடு இருந்த ஹில் ஸ்திரீட் இடத்தில் சீன வர்த்தகத் தொழில் சபையின் கட்டடம் நிற்கிறது. பழைய வீட்டை அறுபதுகளில் இடித்துவிட்டுத்தான் அதைக் கட்டினார்கள். மற்ற இரண்டும் போன இடத்தில் சுவடும் இல்லை.

இதில் சியா இயூ சின் கதை நமக்கு, அதாவது ஓர் அறநிலையத்தைச் சேர்ந்தவர்களுக்கு, தனியாகக் கவனிக்கத் தக்கது. சிங்கப்பூரில் கேம்பியர்ப் பயிரைப் பெரிய அளவில் வளர்த்தவர் அவர். மாளிகை போய்விட்டது. ஆனால் 1845-ல் தம் சமூகத்தாரோடு சேர்ந்து தொடங்கிய ஙீ ஆன் கொங்சி என்ற அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. சமூகத்தின் இடுகாட்டுக்காகவும் வழிபாட்டுக்காகவும் ஆரம்பித்தது. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஙீ ஆன் சிட்டி நிற்கும் நிலம் அவர்களுடைய பழைய இடுகாட்டு நிலந்தான். 1963-ல் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய ஙீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே படித்தவர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (பலர் கை உயர்த்தினர்.) பார்த்தீர்களா!

இனி நம் பக்கம். நாராயண பிள்ளை 1819-ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர். ஊர் உருவாகும் இடத்தில் செங்கல் வேண்டும் என்று கண்டு சூளை போட்டார். துணிக்கடை வைத்தார், அது 1822-ல் தீக்கிரையாயிற்று. கடனில் மூழ்கி மறுபடி எழுந்தார். 1827-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரமும் அத்தாப்புமாக ஓர் அம்மன் கோயிலை எழுப்பினார். செங்கல் அறுத்தவருக்கு இந்த நகரத்தில் ஒரு செங்கல் வீடு நினைவாக இல்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளும் 1970-களின் நகர மறுசீரமைப்போடு மறைந்தன. லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டில் வானவில் நிறத்தில் ஒரு பழைய வீடு இருக்கிறது, தீபாவளிச் சமயத்தில் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அதுவும் 1900-ல் டான் தெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி கட்டியதுதான்! அந்த வட்டாரத்தில் மாடு வளர்த்தவர், பால் கறந்தவர், சலவை செய்தவர் என்று எத்தனையோ தமிழர் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகள் பலகையும் தகரமுமாக இருந்தன, போய்விட்டன.

நம் முன்னோடிகளுக்கு எஞ்சியிருக்கும் வீடு என்றால் அது கோயில்தான். அதனால்தான் ஒரு விஷயத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன், குழுக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். ஒரு மாளிகையைப் பழையது பழையபடி காக்கிறார்கள். நாமோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்கிறோம். அது ஆகம வழி, அதில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. உயிருள்ள கோயில் அப்படித்தான் இருக்கும். டேங்க் ரோடு ஆலயமே 1983-ல் புதிதாகக் கட்டப்பட்டதுதான். ஆனால் திருப்பணி நடக்கும்போது எது குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்பதைக் கவனிக்கிறோமா? தரையைப் பெயர்க்கும்போது பழைய உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குக் கல் உடைகிறது. அலுவலகத்தைப் பெரிதாக்கும்போது பழைய ரசீதுப் புத்தகங்கள், கணக்குப் பேரேடுகள் மூட்டையாகப் போகின்றன. துறைமுகத் தொழிலாளி ஒருவர் ஐம்பது காசு கொடுத்தது அந்த ரசீதில் மட்டுந்தான் எழுதியிருக்கும். அவருக்கு வேறு எந்தச் சாட்சியும் இந்த நகரத்தில் கிடையாது. டான் இயோக் நீக்கு மாளிகையும் தெருப்பெயரும் இருக்கின்றன, நம்மவருக்கு அந்த அடிக்கட்டைதான்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்று பொருளாளர் சொல்வது எனக்குக் கேட்கிறது. இடம் வேண்டியதில்லை. உடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளலாம், பேரேட்டைப் பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றலாம். பல்லாண்டு ஆசிரியராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

குழு இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் பழைய திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் வாசலில் எடுத்த படம், அப்பா தாத்தா பெயரில் உள்ள நன்கொடை ரசீது எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருப்போம். இளைஞர் பிரிவினர் உங்கள் கண்ணெதிரிலேயே நகல் எடுத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்று நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, அசலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படத்தின் பின்னால் ஏதாவது எழுதியிருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.